பங்களாத் திரைச்சீலையில் தைத்த ராணி கவுன்

கங்காணியம்மாவுக்கு இடுப்பளவு எடுக்கக் கயிறு போதவில்லை. இன்னொரு துண்டை முடிந்து சேர்த்தேன். என் தங்கச்சிக்குக் கயிறு போதும். ஆனால் காலையில் நான் போட்ட முடிச்சும் சாயங்காலம் போட்ட முடிச்சும் ஒரே இடத்தில் விழவில்லை. நடுவில் மூன்று விரல் கட்டை இடைவெளி. மறுநாளும் எடுத்துப் பார்த்தேன், அதே கதைதான்.

அது மலாயாவில் ஜப்பான்காரன் காலம். ரெம்பாவுக்கும் கோலா பிலாவுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஓடிப்போன பங்களாவில் ஒரு ஜப்பான் துரை குடியேறியிருந்தார். ரப்பர் பாலை வாங்க ஆளில்லை. மரங்கள் சும்மா நின்றன. பாதிக் காட்டை வெட்டி மரவள்ளி போட்டிருந்தோம். காலையும் மரவள்ளி, ராத்திரியும் மரவள்ளி. என் வீட்டுக்காரரையும் தங்கச்சி புருஷனையும் ரயில் பாதை போட என்று சயாமுக்கு லாரி ஏற்றிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே வீட்டில் படுத்துக் கிடந்தோம்.

எனக்கு எப்போதுமே கெட்டதுதான் முதலில் தோன்றும். கதவைச் சாத்திவிட்டு வந்தால் சாத்தினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவள் நான். மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். வாத்தியார் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே நான் எழுந்து வெளியே ஓடிவிடுவேன். ஊசி நூல் கேள்வி கேட்காது. அதனால் தையல் எனக்குப் பிடித்துப்போனது.

தங்கச்சிக்கு முகம் உப்பி, கால் மினுமினுவென்று இருந்தது. லயத்துப் பெண்கள் "சும்மா இருந்து சதை போடுறா" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற ஆஸ்பத்திரி டிரேசரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"இது சதையில்லம்மா, நீர். மரவள்ளியே தின்னா இப்படித்தான் ஏறும். நெஞ்சுக்கு ஏறுச்சுன்னா நம்ம கையில இல்ல."

"என்னய்யா குடுக்கிறது?"

"தவிட்டரிசி, இல்லாட்டி பச்சைப் பயறு. விடாம குடுத்தா இறங்கிடும்."

"பயறுக்கு எங்கய்யா போவேன்?"

"பாசார்ல கிடையாது. பங்களா ஸ்டோர்ல மூட்டை மூட்டையா இருக்கு. கேட்டுப் பாக்க முடியுமா?" என்று அவரே கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். வாசலில் இறங்கும்போது குரலைத் தாழ்த்தினார். "இவ காலை யார் கண்ணுலயும் காட்டிடாதம்மா. நான் எழுதி வைக்க மாட்டேன். ஜப்பான்காரங்க பாத்தா லாரி வரும்."

லாரி என்றால் எங்களுக்கு இரண்டு லாரி. ஒன்று சயாமுக்குப் போவது. இன்னொன்று கால் வீங்கினவர்களையும் புண் ஆறாதவர்களையும் ஏற்றிக்கொண்டு காட்டோரக் கொட்டகைக்குப் போவது. ஆஸ்பத்திரி என்று பேர். அங்கே போய்த் திரும்பி வந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் யாரும் இல்லை.

இந்த நிலைமையில்தான் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி ஐயா என்னைக் கூப்பிட்டுவிட்டார். பங்களா ஹாலில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. வெள்ளைக்காரத் துரைசானி விட்டுப்போனது. பழைய காலத்து ஐரோப்பா ராணி ஒருத்தி நடுவில். சுற்றிலும் தோழிகள். ஒருத்தி குண்டு, ஒருத்தி ஒல்லி, ஒருத்தி குள்ளம். எல்லாருக்கும் தரையைக் கூட்டுகிற பாவாடை, உடும்புப் பிடியாய் இறுக்கின ரவிக்கை, தோளில் பலாப்பழம் மாதிரி உப்பின கை, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வட்டக் காலர். ஜப்பான் துரை மலாய் மொழியில் சொல்லச் சொல்லக் கிராணி ஐயா எனக்குத் தமிழில் சொன்னார்.

"சிரம்பான்லேருந்து பெரிய ஆபீசருங்க வராங்களாம். இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே நம்ம பொம்பளைங்களை நிக்க வைக்கணுமாம். வெள்ளைக்காரன் ராணியெல்லாம் இப்ப நம்ம தோட்டத்துல கைகட்டி நிக்கிறாளுங்கன்னு காட்டணுமாம். அப்புறம் கவுனுங்களை மூங்கில் பொம்மையில மாட்டி ஹால்ல வைக்கணும். நீதானே திருவிழா நாடகத்துக்கு வேஷத்துணி தைக்கிறவ?"

"அது ஆம்பளைங்க போடுற ராணி வேஷங்க ஐயா."

"ராணி ராணிதான்லா. ஆம்பளையா பொம்பளையான்னு அவருக்கு என்ன?"

போட்டு நிற்பவர்களுக்குச் சம்பளம் ஆளுக்கு ஒரு பெரிய டின் பச்சைப் பயறு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கும் ஒரு டின் கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன். ஜப்பான் துரை முகத்தைச் சுளித்தார். தைக்கிறவளுக்கு மீந்த துண்டுத் துணி, அவ்வளவுதான் என்று கிராணி ஐயா சொன்னார். துணியே கண்ணில் படாத காலம், சாக்கைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு திரிந்தோம். துண்டும் பெரிசுதான். ஆனால் துண்டைக் காய்ச்சித் தங்கச்சிக்கு ஊற்ற முடியாதே.

ஆள் பொறுக்க லயத்து வாசலில் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். தங்கச்சியை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தேன். அவள் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள். ஜப்பான் துரை அவள் முகத்தைப் பார்த்தார். பஞ்சத்தில் அடிபட்டு ஒட்டிப்போன கன்னங்களுக்கு நடுவில் அந்த ஒரு முகம் மட்டும் முழுசாக, வெளுப்பாக இருந்தது. கையை நீட்டி, "ராணி" என்றார்.

அன்று ராத்திரி பாயில் கிடந்து கணக்குப் போட்டேன். நிற்காவிட்டால் பயறு இல்லை, நீர் நெஞ்சுக்கு ஏறும். நின்றால் எல்லா ஆபீசர் கண்ணும் அவள்மேல்தான், காலைப் பார்த்தால் கொட்டகை லாரி. எந்தப் பக்கம் புரண்டாலும் தங்கச்சியைத்தான் இழக்கிறேன்.

அவள்தான் முடிவு சொன்னாள். "பாவாடை தரை வரைக்கும் வருமில்ல? அப்ப காலு யாருக்குத் தெரியப் போவுது? தையிக்கா."

தைத்தேன். பங்களா ஜன்னலில் தொங்கின கறுஞ்சிவப்பு வெல்வெட் திரைதான் ராணிக்கு. மேஜை விரிப்பும் மெத்தை உறையும் தோழிகளுக்கு. பாவாடை கூண்டு மாதிரி நிற்கப் பிரம்பை வளைத்து உள்ளே கோத்தேன். நகைக்குக் குன்றிமணியும், புள்ளி போட்ட ரப்பர் விதையும். எங்கள் நாடகத்தில் ஜிகினா ஒட்டுகிற மாதிரியே ரப்பர் பாலைத் தொட்டு ஒட்டினேன். நாற்றம் தாங்காது. காய்ந்தால் பிடித்துக்கொள்ளும்.

அளவு பற்றி எனக்கு நாடகம் கற்றுக்கொடுத்த வழி ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ராணி வேஷத்துக்கு ஒவ்வொரு ஆள் வருவான். ஒரு வருஷம் ஒல்லி, மறு வருஷம் தொப்பை. அதனால் முதுகைத் தைக்காமல் விட்டு, இரண்டு பக்கமும் கண் வைத்து, நாடா கோத்து இழுத்துக் கட்டுவேன். யார் உடம்புக்கும் வரும். இந்த ராணி கவுன்களையும் அப்படியேதான் தைத்தேன். காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு என்று மாறுகிற உடம்புக்கு வேறு எப்படித் தைப்பது?

கழுத்துக் காலருக்குக் கொசுவலை. அது விறைப்பாக நிற்க மரவள்ளி மாவைக் கஞ்சி காய்ச்சித் தோய்க்க வேண்டும். சட்டியில் கஞ்சி கொதிக்கும்போது அளவு கொடுக்க வந்த பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்தார்கள்.

"துணிக்குச் சோறு, எங்களுக்குக் காத்தா?" என்றாள் கங்காணியம்மா.

"பங்களா மாவுங்கம்மா. துரை அளந்து குடுத்திருக்காரு."

"கழுத்துல மாட்டினப்புறம் நக்கிக்கிறேன் போ. அப்ப ஒண்ணும் சொல்ல மாட்டானே?"

கங்காணி பொண்டாட்டி பெரிய உடம்புக்காரி. வெற்றிலை போட்ட வாய். பஞ்சத்திலும் அவள் உடம்பு அதிகம் குறையவில்லை. கங்காணி வீட்டுக்கு ரேஷன் வேறு மாதிரி. ராணியாகத் தன்னைப் பொறுக்கவில்லை என்று அவளுக்கு ஆத்திரம். புருஷன் கண்டிப்பானவர். அவள் சேலை கணுக்காலுக்கு மேலே ஏறி லயத்தில் யாரும் பார்த்ததில்லை. பீலிக் குழாயடியில் குளிக்கும்போதுகூட ஆளை விரட்டிவிட்டுத்தான் குளிப்பாள். நான் முட்டி போட்டு அவள் பாவாடை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

"ஏன்டி தையக்காரி, ராணிக்கு மட்டும் ஓரம் ஒரு சாண் கூட விட்டிருக்கே?"

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. "படத்துல அப்படித்தாங்கம்மா இருக்கு."

"அவளுக்குத் தைச்சு வச்சிருக்கியே துணிச் செருப்பு, அதுவும் படத்துல இருக்கோ? நேத்து பீலிகிட்ட உன் தங்கச்சி காலை நான் பாத்துட்டேன்டி. மண்ணுல அவ அடி பதியிறதைப் பாத்தாலே தெரியுது."

அவள் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, முதுகு நாடாவை அவிழ்க்கச் சொல்லிப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஆபீசர்கள் வருகிற நாள் வரைக்கும் நான் தூங்கவில்லை. கங்காணியம்மா கங்காணியிடம் சொல்வாள், கங்காணி துரையிடம் சொல்வார், துரை லாரியைக் கூப்பிடுவார். தினமும் இதையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி கால் மட்டும் தனியாகத் தெரியக்கூடாது என்று எல்லாருக்குமே துணிச் செருப்பு தைத்தேன். வீங்கின காலுக்கு வேறு எதுவும் நுழையாது.

அந்த நாளும் வந்தது. பங்களா முன்னால் புல்தரையில், சாயங்கால வெயிலில், மேஜை நாற்காலி போட்டு ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் ஊசி நூலோடு நிற்க வேண்டும் என்று உத்தரவு. ராணிக்கு நடுவில் நாற்காலி. அவள் உட்கார்ந்தபடியே இருந்தால் போதும் என்று நான் கிராணி ஐயாவிடம் கெஞ்சி வாங்கி வைத்த ஏற்பாடு அது.

கிராணி ஐயா என் பக்கம் வந்து, உதடு அசையாமல் சொன்னார். "அந்தக் கண்ணாடி போட்டவர் டாக்டர். செனாவாங் பக்கத்துத் தோட்டத்துல லயம் லயமாப் போய்க் காலைப் பாத்தவரு. பத்திரம்."

தங்கச்சியின் கவுன் எங்கேயாவது அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் நான் அவள் முதுகு நாடாவை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருந்தேன். ஒரு சுருக்குப் போட்டிருந்தால் இழுத்ததும் வந்திருக்கும். நாடகத்தில் எப்போதும் சுருக்குதான் போடுவேன். அன்றைக்குப் பார்த்துப் பயம் என் கையைப் பிடித்துக்கொண்டது.

நேரம் ஆக ஆகத் தங்கச்சி உடம்பு இன்னும் உப்பியது. கழுத்துக் காலருக்கு மேலே உதடு நீலமாவதைப் பார்த்தேன்.

"அக்கா, மூச்சு விட முடியல."

நாற்காலிக்குப் பின்னால் குனிந்து முடிச்சில் நகத்தை வைத்தேன். வெயிலில் நகை ஒட்டின ரப்பர் பால் இளகி நாடாவோடு பிசினாக ஒட்டிக் கிடந்தது. அசையவில்லை. கத்தரிக்கோல் பங்களா ஹாலில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜப்பான் துரை எழுந்து கையை வீசினார். கிராணி ஐயா தமிழில் சொன்னார். "ராணி நடக்கணுமாம். ஆபீசருங்க முன்னால ஒரு சுத்து வரணுமாம்."

என்னைத் தள்ளிவிட்டு ஒரு பெரிய உடம்பு குறுக்கே வந்தது. கங்காணியம்மா. ராணியின் பின்பாவாடையைத் தூக்குகிற தோழி மாதிரி குனிந்தாள். அவள் முதுகு முழுவதையும் மறைத்தது. பல்லால் நாடாவைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அது அறுந்ததும் கவுன் முதுகில் பிளந்தது. தங்கச்சி ஒரு பெரிய மூச்சு இழுத்தாள்.

"தூ! பால் நாத்தம்" என்று துப்பினாள் கங்காணியம்மா. "எந்திரிடி ராணி. என் மேல சாஞ்சுக்க. நான் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வரேன். விழுந்தே, மிதிச்சுடுவேன்."

ஒரு கையால் பிளந்த கவுனை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை தங்கச்சியின் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கியபடி நடத்தினாள். மற்ற தோழிகள் பின்னால் போனார்கள். பிரம்புக் கூண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஆடின. ஆபீசர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். என் தங்கச்சி தேர் மாதிரி மெல்ல நகர்ந்தாள். கன்னத்தில் பூசின மாவு வேர்வையில் கோடு கோடாக வழிந்தது.

கண்ணாடி போட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ராணியின் முகத்தையே பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். நேராக வந்து அவள் முன்னால் நின்று, கண்ணிமைக்குக் கீழே உற்றுப் பார்த்தார். பிறகு பார்வை இறங்கியது. பாவாடை ஓரத்தைக் கைகாட்டி, தூக்கு என்று விரலை ஆட்டினார்.

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கே ஊசியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும் என்று தோன்றியது.

"என்ன தொரை, காலா பாக்கணும்?" கங்காணியம்மாவின் குரல் புல்தரை முழுக்கக் கேட்டது. தங்கச்சியைப் பின்னால் வந்தவள் மேல் சாய்த்துவிட்டு, இவள் முன்னால் வந்து நின்றாள். "காலுன்னா இது கால். வந்து பாருங்க!"

சொல்லிக்கொண்டே தன் பாவாடையைப் பிரம்போடு சேர்த்து முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டாள். உரல் மாதிரி ஒரு கால். அதைப் புல்லில் ஊன்றி, பிட்டத்தை ஒரு ஆட்டு ஆட்டினாள். ஆபீசர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் சீட்டி அடித்தார். ஜப்பான் துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஒரு நொடி தயங்கினார். பிறகு குனிந்து, அந்தக் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்ததும் சதை துள்ளித் திரும்பியது. இன்னொரு தரமும் அழுத்தினார். அவள் கூச்சம் தாங்காதவள் மாதிரி "ஐயோ தொரை!" என்று கத்த, சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. பெரிய ஆபீசர் அவரைக் கூப்பிட்டு ஏதோ கேலி பேசினார். டாக்டர் காது சிவந்துபோய், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பினார். ராணியை மறுபடி பார்க்கவில்லை.

வராந்தா ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கங்காணி நின்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். கங்காணியம்மாவும் பார்த்தாள். பாவாடையை இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தங்கச்சியின் கையைப் பிடித்து நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

பயறு அன்றைக்கே கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக வேகவைத்து, தண்ணீரையும் வீணாக்காமல், வேறு யாரும் வாசனை பிடிக்காதபடி கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். குழி நிற்கும். மறுநாளும் நிற்கும். பயறு தீர்ந்துவிடுமே, தீருவதற்குள் இறங்குமா என்று எனக்கு அதே நினைப்பு.

கங்காணியம்மா வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். கங்காணி அவளோடு பேசுவதில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். "கண்டவன் கை வச்ச கால்" என்று கங்காணி கத்தியதைப் பக்கத்து வீட்டில் கேட்டார்களாம். ஒருநாள் மத்தியானம் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் ஒரு பக்கம் கன்றிப்போயிருந்தது. புருஷனின் கைலியைச் சுற்றிக்கொண்டு, கையில் அவளுடைய ஒரே சேலையோடு வந்திருந்தாள். துவைத்துத் துவைத்துச் சுருங்கி, கிழிந்த ஓரத்தை வெட்டி வெட்டி, அந்தச் சேலை கணுக்காலை மூடப் போதாது போலிருந்தது.

"இனி கணுக்கால் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விட மாட்டாராம். துணிக்கு எங்கடி போறது? சாக்கு ஓரம் வச்சாவது நீட்டிக் குடு."

நான் வாயைத் திறந்தேன். நன்றி என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அது வராமல், "ஏங்கம்மா அப்படிச் செஞ்சீங்க?" என்றுதான் வந்தது.

"உன் தங்கச்சிக்காகன்னு நெனச்சுக்காத. அவ காலைப் பாத்திருந்தா அன்னைக்கே லயம் முழுக்க இறங்கிப் பாத்திருப்பான். அந்த லாரி ஒருத்தியோட போயிருக்குமா?" சேலையை என் மடியில் போட்டாள். "ஆனா ராணி வேஷம் எனக்குத்தான் பொருந்தியிருக்கும். அதை நீயும் துரையும் கெடுத்துட்டீங்க."

அவள் போனபிறகு தகரப் பெட்டியைத் திறந்தேன். எனக்குச் சம்பளமாக வந்த துண்டுகள். கறுஞ்சிவப்பு வெல்வெட்டில் நீளமாக இரண்டு பட்டை இருந்தன. தங்கச்சிக்கும் எனக்கும் ஆளுக்கொரு ரவிக்கை என்று எடுத்து வைத்திருந்தேன். எங்களுக்கு இருந்தது அதுதான். கத்தரியை வைக்குமுன் வழக்கம்போலப் பயம் வந்தது. இதுவும் போனால் என்ன கட்டுவோம், மழை வந்தால் என்ன செய்வோம் என்று. வெட்டினேன். சேலையின் அடியில் வெல்வெட்டை ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் வைத்து, வெளியே தையல் தெரியாமல் நெருக்கி நெருக்கித் தைத்தேன்.

மறுநாள் அவள் அதைக் கட்டிக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் எடுக்க வந்தாள். ஓரம் தரையைக் கூட்டிக்கொண்டு போனது. "பாருங்கடி, ராணி வரா!" என்று யாரோ கத்தினார்கள். "பாத்தா கண்ணு பூத்துடும், தள்ளுங்கடி" என்று அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். எங்கள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தங்கச்சி வாய்விட்டுச் சிரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

எடுத்ததும் சதை மெல்ல, மிக மெல்ல, மேலே வந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தேன்.